கதவில் கட்டிய துண்டு

மேரு என்ற ஊரில் பள்ளி வேன் ஓட்டும் புஷ்பவல்லிக்கு ஐம்பத்திரண்டு வயது. அவர் விரல்கள் மட்டும் எண்பதைத் தாண்டிவிட்டன. முடக்குவாதம். உடம்பைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு, சொந்த மூட்டுகளையே எதிரி என்று எண்ணித் தாக்கும் நோய். புஷ்பவல்லி இதை இன்னும் சுருக்கமாகச் சொல்வார்: "காவலுக்கு வச்ச ஜாகாவே வீட்டுக்காரிய அடிக்கிறான் லா."

ஒன்பது வருடங்களில் அவர் ஒரு வித்தையில் தேறியிருந்தார்: வலி இல்லாதவராக நடிப்பது. வேன் ஓட்டும் உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டும். அன்று காலை இரண்டு வலி மாத்திரை, அரைமணி நேரம் வெந்நீரில் கை, பிறகு கிளினிக்கில் மலர்ந்த முகம். கையை மடக்கச் சொன்னால் மடக்குவார். வலிக்கிறதா என்று கேட்டால், "இந்த வயசுல யாருக்குத்தான் டாக்டர் வலிக்கல?" என்று சிரிப்பார். சான்று கைக்கு வந்துவிடும். அதை வாங்கிப் பையில் வைப்பதற்குள் கண்ணில் நீர் முட்டும்.

நடுவில் ஒரு நல்ல காலம் வந்தது. எதிர்ப்பொருள் ஊசி என்று ஒன்று கொடுத்தார்கள். குளிர்சாதனப் பெட்டியில் மிளகாய்ச் சம்பல் டப்பாவுக்குப் பக்கத்தில் அதற்குத் தனி இடம். எட்டு மாதம் விரல்கள் சொன்னதைக் கேட்டன. பிறகு அவர் உடம்பு அந்த ஊசி மருந்துக்கே எதிர்ப்பொருள் தயாரித்து அதை முறியடித்தது. சண்டை போடுவதில் அந்த உடம்புக்கு இருந்த சுறுசுறுப்பு, நலமாக இருப்பதில் இல்லை.

சுபாங் ஜெயா மருத்துவமனையில் புதிய மருந்து ஒன்றைச் சோதிக்கிறார்கள் என்று தெரிந்து போனார். அங்கிருந்த டாக்டர் சிவேந்திரன், தமிழர்கள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்தவர். நோயாளிக்குப் புரியும்வரை விடமாட்டார்.

"பழைய ஊசி கண்டெய்னர் லோரி மாதிரிம்மா. பெருசு. இது கப்சாய் மோட்டார் சைக்கிள் மாதிரி சின்னப் புரதம், கம்ப்யூட்டர்ல வடிவமைச்சது. ஆனா பழைய ஊசி பிடிச்ச அதே ஆள, வீக்கத்தத் தூண்டுறவன, இதுவும் இறுக்கிப் பிடிச்சிக்கும்."

"கப்சாய்க்காரன் நிக்காம ஓடிப்போயிருவானே டாக்டர்?"

டாக்டருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "அதேதான்! சின்னதா இருந்தா கிட்னி வழியா சீக்கிரம் வெளிய போயிரும். அதான் ரத்தத்துல ஓடுற பெரிய புரதத்தோட ஒட்டிக்கிற மாதிரி செஞ்சிருக்காங்க."

இவ்வளவு கச்சிதமாகக் கேள்வி கேட்டவர், அடுத்த பத்து நிமிடத்தில் வாய்ப்பைக் கோட்டைவிட்டார். சோதனையில் சேர ஆறு மூட்டுகளாவது வலிக்க வேண்டும். டாக்டர் ஒவ்வொன்றாக அழுத்தினார். புஷ்பவல்லி புன்னகைத்தார். வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டபோது, "ரெண்டு" என்றார். காலையில் வழக்கம்போல் மாத்திரையும் வெந்நீரும் ஆகியிருந்தன. டாக்டரைப் பார்க்கப் போகும் நாளில் நன்றாக இருக்க வேண்டும் என்பது அவருக்கு வெறும் பழக்கம் அல்ல, பிழைப்பு. இங்கே சொல்வது உரிம அலுவலகத்துக்குப் போய்விட்டால்? பதினான்கு பிள்ளைகளும் இன்னொரு வேனுக்குப் போய்விடுவார்கள்.

நோய் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். உரிமத்துக்கு நோயே இருக்கக்கூடாது. மருந்துக்கு நிறைய இருக்க வேண்டும். அவர் தவறான இடத்தில் தேர்ச்சி பெற்றிருந்தார்.

சோதனையை ஒருங்கிணைக்கும் ராஜினி சாப்பிடப் போகும் வழியில் கார் நிறுத்துமிடத்தில் அவரைப் பார்த்தாள். வேன் கதவின் கைப்பிடியில், சிவப்பு எழுத்து அச்சிட்ட வெள்ளைத் துண்டு ஒன்று வளையமாகக் கட்டியிருந்தது. புஷ்பவல்லி அதற்குள் முழங்கையை நுழைத்து, உடம்பைச் சாய்த்துக் கதவை இழுத்தார்.

"ஆன்டி, அந்தத் துண்டு எதுக்கு?"

"அலங்காரம் லா."

"ரெண்டுன்னு சொன்ன கை கதவத் தொறக்காதா?"

புஷ்பவல்லி காதில் விழாததுபோல் வண்டியில் ஏறினார். அந்தக் கையால் சாவியைத் திருப்ப முயன்று, மூன்றாம் தடவை திருப்பினார்.

"ஒரு தடவ மறுபடி வரலாம் ஆன்டி. மாத்திரை போடாம வாங்க. இங்க சொல்றது வேற எந்த ஆபீசுக்கும் போகாது."

மறுவாரம் மாத்திரையும் வெந்நீரும் இல்லாமல் போனார். டாக்டர் முதல் விரலைத் தொட்டதுமே, ஒன்பது வருடமாகச் சொல்லாததையெல்லாம் சேர்த்து ஒரே சத்தமாகச் சொல்லிவிட்டார். பதினொரு மூட்டுகள். வலி, எட்டு.

"உங்களச் சேத்துக்கிறோம்மா. ஆனா இந்தக் கையோட பிள்ளைங்கள ஏத்தக்கூடாது."

அவர் பயந்த வாக்கியம் அதுதான். அலுவலகத்திலிருந்து வரவில்லை, தாமே சொன்ன உண்மையிலிருந்து வந்தது. மறுக்க முடியவில்லை. மழைநாளில் ஒருமுறை ஸ்டியரிங்கைத் திருப்பக் கை ஒரு கணம் தாமதித்தது அவருக்கு மட்டுமே தெரியும்.

பிள்ளைகளைக் கன்னையாவிடம் ஒப்படைத்தார். அவரும் வேன்காரர்தான், போட்டிக்காரரும்கூட. "மூணு மாசம் வச்சிக்கிங்கண்ணே. அதுக்குமேல பாசம் வச்சிறாதீங்க" என்றார்.

சோதனையின் விதி விசித்திரமானது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் தண்ணி ஊசி. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. வாழ்க்கையில் முதல்முறையாக உண்மை சொன்னவருக்கு, பதிலுக்கு உண்மை சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

பன்னிரண்டாம் வாரம். "பத்துக்கு எத்தனைம்மா?"

"மூணு."

டாக்டர் எழுதாமல் நிமிர்ந்தார். "மாத்திரை போட்டீங்களா?"

"சத்தியமா இல்ல டாக்டர்!"

நம்பாமல் பிடிபலம் அளக்கும் கருவியைக் கொடுத்தார். அதனிடம் புன்னகை செல்லாது. புஷ்பவல்லி அழுத்தினார், முள் சோதனையில் சேர்ந்த நாளில் நின்ற இடத்தைப்போல் இரண்டு மடங்கு ஏறியது. டாக்டர் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, "இனி பிள்ளைங்கள ஏத்தலாம்மா. ஆனா கை மறுபடி மக்கர் பண்ணா, அன்னைக்கே வண்டிய நிறுத்தணும்" என்றார்.

ராஜினி நம்பாமல் கீழே கூடவே வந்தாள். புஷ்பவல்லி விரல்களால் கைப்பிடியைப் பற்றிக் கதவை இழுத்தார். திறந்தது. ராஜினி துண்டை அவிழ்க்கப் போனாள்.

"இருக்கட்டும் லா. எனக்குப் போட்டது தண்ணி ஊசியா இருந்தா?"

அங்கிருந்தே கன்னையாவை அழைத்தார். "அண்ணே, திங்கக்கிழமை பிள்ளைங்கள நான் ஏத்திக்கிறேன்."

"அப்படி என்னம்மா மருந்து அது?"

"எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. நீங்க பிள்ளைங்க பேரு லிஸ்ட்ட அனுப்புங்க. ஒண்ணும் குறையக்கூடாது."

திங்கட்கிழமை பன்னிரண்டு பேர் வந்தார்கள். இருவர் கன்னையாவின் வேனிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே பாட்டு போடுவார்களாம். துண்டு இன்னும் கைப்பிடியில்தான் இருக்கிறது. துவைத்துக் கட்டியிருக்கிறார்.