யானைவேலிக் காவல்காரரும் ரெண்டு காட்டாந்தையும்

எனக்கு எழுத்து வடிவா வராது, மறதியும் கூட, பொறுத்துக்கொள்ளுங்க. சாகாமத்தில எங்கட வயலுக்குப் பக்கத்தில கண்ட யானைவேலிக் காவல்காரரைப் பற்றித்தான் எழுதுறன். மெலிஞ்ச மனிசன். என்ன கேட்டாலும் காதுக்குப் பின்னால கையை வைச்சுக்கொண்டுதான் பதில் சொல்லுவார்.

அன்டைக்கு மஃரிபு நேரம், பொழுதுபட்டு இருட்டத் தொடங்கிட்டு. மாடு தேடிக் காட்டுக்குள்ள போன என்ட வீட்டுக்காரர் திரும்பி வரல்ல. திடீரென்டு ஆரையோ குரல்வளையில நெரிக்கிற மாதிரி, காட்டுக்குள்ள ஒரு கத்தல். வேலியடியில நின்ட காவல்காரரிட்ட ஓடினன்.

"பயப்படாதீங்க உம்மா, அது உலமா."

"பள்ளியில மார்க்கம் சொல்லித்தாற எங்கட உலமாக்கள் ஏன் தம்பி காட்டுக்குள்ள கத்துறாங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்திட்டு. "ஆந்தை, உம்மா! சிங்களத்தில அதுக்கு அப்படித்தான் பேர். இங்க ரெண்டு சாதிக் காட்டாந்தை இருக்கு. தலையில இறகுக் கொம்பில்லாதது மெல்லமா ஊம் ஊமென்டும். கொம்பு வைச்ச பெரிசுதான் இப்படி மனிசர் மாதிரிக் கத்தும்."

சொல்லிப்போட்டு டோர்ச்சை எடுத்துக்கொண்டு காட்டுக்குள்ள போனார். கொஞ்ச நேரத்தால வீட்டுக்காரரையும் மாட்டையும் கூட்டிக்கொண்டு வந்தார். அல்ஹம்துலில்லாஹ், ஒரு கீறலுமில்ல.

"ஆந்தைதானே என்டீங்க, பிறகேன் போனீங்க?"

"மனிசரும் அப்படித்தானே உம்மா கத்துவாங்க."

அந்தப் பதில் இன்னும் என்ட மனசை விட்டுப் போகல்ல. ஆந்தைகளைப் பற்றி எழுதினது சரியா என்டு, தெரிஞ்ச ஆராவது பார்த்துச் சொல்லுங்க.