முதல் மூன்று நாள் பால்

மூன்றாவது கன்றும் செத்த காலையில், அதை நிறுத்த சாக்குத் தொட்டில் தராசிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பிறந்த அன்றைக்கு இருந்ததைவிட ஐந்து ராத்தல் குறைவு. எடையை எழுதினேன், அதற்கு நேரே 'கழிச்சல்' என்று எழுதினேன், புத்தகத்தை மூடினேன். பிறகு கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "கன்னுக்குட்டி செத்ததுக்கா கிராணி ஐயா இப்படி? உங்க வீட்டம்மாவுக்குத்தான் மசக்கைன்னு நெனச்சேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொட்டகையில் அடித்த வாடை எனக்குத் தெரிந்த வாடை. என் வீட்டில் இரண்டு முறை அடித்தது.

எங்களுக்கு முன்பு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. முதலாவது ஆறாம் நாள் போயிற்று, இரண்டாவது ஒன்பதாம் நாள். இரண்டும் நன்றாக அழுதுகொண்டு பிறந்தவை. சில நாளில் தண்ணீராகப் போக ஆரம்பித்தது, கண் குழிந்தது, உச்சிக்குழி பள்ளமாயிற்று, கடைசியில் அழக்கூடத் தெம்பில்லை. இப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது, என் மனைவிக்கு முப்பத்தாறு. மறுபடி அவளுக்கு ஏழாம் மாதம். இதற்குப் பிறகு இன்னொன்று இல்லை என்று இருவருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

நான் கிராணியாகக் கணக்கு எழுதிய ரப்பர் தோட்டம் மலாயாவில், ஈப்போவுக்குப் பக்கத்தில், செமோரைத் தாண்டி இருந்தது. லயத்தில் குடியிருந்த ஆட்கள் சிலர் மாடு வைத்திருந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் கொட்டகைக்குப் பால் போதாததால், கன்று குடிக்கிற பாலில் மிச்சம் பிடிக்க முடியுமா என்று துரை அந்த மாடுகளை ஒரே கொட்டகையில் கட்டவைத்து ஒரு சோதனையைத் தொடங்கினார். பாதிக் கன்றுகள் தாயோடு இருக்கும். மீதியைப் பிறந்த உடனே பிரித்து வாளியில் பால் வைத்து, மெல்ல மெல்லப் பாலைக் குறைத்து, கஞ்சிக்கும் தேங்காய்ப் புண்ணாக்குக்கும் மாற்ற வேண்டும். புண்ணாக்கு பாகான் டத்தோவிலிருந்து மூட்டையாக வந்தது. நான் ஈப்போவில் ஆங்கிலப் பள்ளியில் படித்தவன் என்பதால் நிறுப்பதும் எழுதுவதும் என் பொறுப்பு.

தாயோடு நின்ற கன்றுகள் இளைத்தாவது பிழைத்தன. வாளிக் கன்றுகள் புண்ணாக்கை முகர்ந்து பார்க்கும் வயதுக்குக்கூட வரவில்லை.

துரை கொட்டகை வாசலில் நின்று கேட்டார்: "என்னா கிராணி, ஒன் கையிலே குடுத்தா எல்லாம் சாவுது?"

அவர் தமிழை மலைக்காட்டில், தோட்டத்து ஆட்களிடம் பழகியவர். அவர் தமிழ் எப்போதும் அப்படித்தான் இருக்கும். ஆனாலும் அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. என் கைதான் காரணம் என்று அன்றைக்கு முதல் நினைக்க ஆரம்பித்தேன். வாளிகளை நானே கொதிநீரில் கழுவினேன். பாலை நானே காய்ச்சி, விரல் விட்டுப் பார்த்து, இளஞ்சூட்டில் வைத்தேன். தரையில் சுண்ணாம்பு போடச் சொன்னேன். ஈக்குத் துணி கட்டினேன். வீட்டுக்கு வந்து அதே மாதிரி ஒவ்வொரு பாத்திரமாக வேகவைத்தேன். மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போவாள். நான்காவது கன்றும் செத்தது.

இந்தக் கன்றுகள் எதனால் சாகின்றன என்று கண்டுபிடித்தால் என் பிள்ளை பிழைக்கும் என்று எப்போது நம்ப ஆரம்பித்தேன் என்று சொல்ல முடியவில்லை. படித்தவன் அப்படி நினைக்கலாமா என்று வெட்கமாகவும் இருந்தது.

கன்றை வாளிக்குப் பிரிக்கக் குறித்திருந்த ஐந்தாவது மாடு கொட்டகையில் ஈனவில்லை. மேயப் போன இடத்தில், பள்ளத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஈன்றுவிட்டது. ஒரு பகலும் ஓர் இரவும் தேடி மறுநாள்தான் ஓட்டிவந்தார்கள். அந்தக் கன்றையும் பிரித்து வாளிக்குப் பழக்கினோம். அதே வாளி, அதே பால், அதே கொட்டகை. ஒரு வாரம் ஆயிற்று. பத்து நாள் ஆயிற்று. அது துள்ளிக்கொண்டு என் வேட்டியைக் கடித்து இழுத்தது.

"இது மட்டும் எப்படி?" என்று மாடு பார்க்கும் பெண்ணிடம் கேட்டேன்.

"பள்ளத்துல வயிறு முட்ட சீம்பாலைக் குடிச்சிருச்சுலா! சரியான திருட்டுக் கழுதை. இந்தத் தடவை உங்க வீட்டுக்குக் குடுத்துவிட ஒரு சொட்டு இல்ல. அம்மா கோவிச்சுக்கிட்டாங்களா?"

நான் புத்தகத்தைத் திறந்து செத்த நான்கின் பக்கங்களைப் பார்த்தேன்.

மாடு ஈன்றதும் கறக்கும் முதல் மூன்று நாள் பால் கெட்டியாக மஞ்சளாக இருக்கும். அதில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்துக் கட்டியாக்கி அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். நிறையக் குடித்தால் கன்றுக்குச் செரிக்காது என்றும் சொல்வார்கள். கன்று தாயோடு இருந்தால் கறந்தது போக மிச்சத்தை அது குடித்துக்கொள்ளும். வாளிக் கன்றுக்கு அந்த மிச்சமும் கிடையாது; முழுவதையும் கறந்து பங்கு வைத்துவிட்டு, கன்றுக்கு வேறு மாட்டின் நல்ல பாலை ஊற்றியிருக்கிறார்கள். நான் என் புத்தகத்தில் 'பால், ஒரு நாளைக்கு இவ்வளவு' என்று எழுதியிருக்கிறேன். பொய் எழுதவில்லை. சீம்பாலை யாரும் பால் என்று சேர்ப்பதில்லை, நானும் சேர்க்கவில்லை. செத்த நான்கு கன்றுகளின் சீம்பாலும் ஒரு கிண்ணத்தில் மூடி என் வீட்டுக்கு வந்தது. வாழையிலையில் வைத்துத் துண்டு போட்டு நான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

ஆறாவது கன்றுக்கு அதன் தாயின் சீம்பாலை ஒரு துளி விடாமல் வாளியில் வைத்தேன். அந்தப் பெண் முணுமுணுத்தாள். கன்று பிழைத்தது. துரை மகிழ்ந்து, மேலிடத்துக்கு எழுத வேண்டும் என்றார். நான் சரி சரி என்று தலையாட்டினேன். என் மனம் அங்கே இல்லை. இரண்டு கன்றுகளை வைத்து என்ன சொல்ல முடியும்? அதுவும் ஒரு மனிதப் பிள்ளைக்கு?

தாப்பாவிலிருந்து மனைவியின் அக்கா, என் மதினி, பிரசவத்துக்குத் துணையாக வந்தாள். முந்தின இரண்டுக்கும் அவள்தான் வந்தாள். பெண் பிள்ளை பிறந்தது, காலை பத்து மணி இருக்கும். மருத்துவச்சி குளிப்பாட்டிக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் மதினி ஒரு கொட்டாங்கச்சியோடு பின்பக்கம் போனாள். அதில் மஞ்சளாகக் கொஞ்சம் இருந்தது. வாழைக்கு அடியில் ஊற்றப் போகிறாள்.

"மதினி, அத ஊத்தாதீங்க. பிள்ளைக்குக் குடுங்க."

"என்ன தம்பி சொல்றீங்க? சீழு மாதிரி இருக்கு, இதையா குடுப்பாங்க? மூணு நாளு பீச்சி விட்டாத்தான் நல்ல பாலு வரும். அதுவரைக்கும் சர்க்கரைத் தண்ணி இருக்கு, வெளக்கெண்ண இருக்கு."

"கன்னுக்குட்டிக்கு அதைக் குடுக்காமத்தான் செத்துப்போச்சு. நான் கண்ணால பார்த்தேன்."

அவள் மருத்துவச்சியைப் பார்த்தாள். "கேட்டியாடி? என் தங்கச்சியும் மாடும் ஒண்ணாம்! இங்கிலீசு படிச்சா இப்படி ஆகுமா?" மருத்துவச்சி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

தீட்டு அறைக்குள் ஆண்கள் போவதில்லை. நான் போனேன். என்ன சொன்னேன், கத்தினேனா அழுதேனா என்று சரியாக நினைவில்லை. கன்று, வாளி, பள்ளம் என்று ஏதோ உளறியிருக்கிறேன். மதினி என் தோளைப் பிடித்து வெளியே தள்ளினாள். மனைவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் திரும்பினாள்.

"ரெண்டு தடவை நீ சொன்னபடிதானே அக்கா செஞ்சோம்" என்றாள். "இந்தத் தடவை அவரு சொல்றத செஞ்சு பார்க்கிறேன். பிள்ளையைக் குடு."

மதினி கொடுத்தாள். "ஏதாவது ஆச்சுன்னா என்னைக் கேக்காதீங்க" என்று என்னிடம் சொன்னாள். அது நியாயமான பேச்சு. ஏதாவது ஆனால் இனி என் கைதான்.

ஸ்டோரில் அரிசி நிறுக்கும் சின்னத் தராசைக் கேட்டு வாங்கி வந்து பிள்ளையைத் தினமும் நிறுத்தேன். இரண்டாம் நாள் குறைந்தது. மூன்றாம் நாள் இன்னும் குறைந்தது. மனைவியிடம் ஏறியிருக்கிறது என்று சொன்னேன். ஐந்தாம் நாள் மஞ்சளாகத் தண்ணீராகப் போயிற்று. மதினி துணியை என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். "பாருங்க, உங்க மாட்டு வைத்தியம்." தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். அவர் துணியைப் பார்த்தார், பிள்ளையின் வயிற்றை அமுக்கினார், உச்சிக்குழியைத் தடவினார். "பால் குடிக்கிற பிள்ளை இப்படித்தான் போகும்லா. இதுக்கா என்னைச் சோத்துல இருந்து எழுப்பிட்டு வந்தீங்க?" என்றார். நான் நம்பவில்லை. ஆறாம் நாள் விடிந்ததிலிருந்து பிள்ளையின் மூக்குக்கு எதிரே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று முழுவதும் வேலைக்குப் போகவில்லை. ஒன்பதாம் நாளும் போகவில்லை. பத்தாம் நாள் தராசு ஏறியது. பதினொன்றாம் நாள் இன்னும் ஏறியது. மதினி அதைப் பார்த்தாள். அடுத்த வாரம் தாப்பாவுக்குப் பஸ் ஏறிப் போனாள்.

அவள் போன பிறகு ஒரு மத்தியானம் மனைவி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்க," என்றாள். "அப்ப மொத ரெண்டும்?"

பல நாளாக நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. அந்தக் கொட்டாங்கச்சியை அவளே பிடித்துக்கொண்டிருந்திருப்பாள், அந்த இரண்டு முறையும். நான் வெளியே உட்கார்ந்து யாருக்கோ சர்க்கரை கொடுத்துக்கொண்டிருந்திருப்பேன்.

"தெரியல" என்றேன்.

அவள் பிள்ளையின் தலையைத் தடவினாள். "தெரிஞ்சாலும் எங்கிட்ட சொல்லாதீங்க" என்றாள். "எப்பவும் சொல்லாதீங்க."

நான் சொல்லவில்லை. அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அதனால்தான் இதை எழுத முடிகிறது. பிள்ளைக்கு இப்போது நான்கு மாதம் முடிந்துவிட்டது. தராசை ஸ்டோரிலிருந்து இரண்டு முறை திருப்பிக் கேட்டுவிட்டார்கள். நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.