அஞ்சலைக்குக் கொடுத்த அவுட்டு

வெயிலில் காயப்போட்ட மல்லாட்டைக் கடலையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கோதண்டம் மாஸ்டரின் மகன் போன் செய்தான். “அப்பா காலையில போயிட்டாரு டீச்சர்” என்றான். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவனே தொடர்ந்தான்: “பதினாறாம் நாளு ஸ்கூல் கிரவுண்டுல படத்திறப்பு. யாரும் அழக்கூடாதுன்னு முன்னாடியே சொல்லிட்டாருங்க. அழுதா ரெண்டு ரவுண்டு ஓடணுமாம்.” எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

திண்டிவனத்தில் அந்தப் பள்ளியில் அவர் பி.டி. மாஸ்டர், நான் கணக்கு டீச்சர். எங்களுக்குள் என்ன பகை என்று அங்கே படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பின் பி.டி. பீரியடுகளையெல்லாம் பறித்துக்கொண்டவள் நான். அவர் சண்டைக்கு வரமாட்டார். வாசலில் வந்து நின்று, “டீச்சர், கணக்குப் போட்டா வேர்க்குமா?” என்று மட்டும் கேட்பார். “வேர்க்கும் சார், வந்து உக்காருங்க” என்றேன் ஒருநாள். நிஜமாகவே கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து அல்ஜீப்ரா போட்டார். அத்தனையும் தப்பு. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

படத்திறப்பில் நானும் பேச வேண்டும் என்று அந்தப் பையன் கேட்டுக்கொண்டான். இருபது வருடமாக நான் மறைத்துவைத்த ஒரு விஷயம் இருந்தது. அதைச் சொன்னால் அஞ்சலையின் முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் மாஸ்டரின் படத்தின் முன்னால் நிற்க முடியாது.

அஞ்சலை மரக்காணம் பக்கத்துக் குப்பத்துப் பெண். எங்கள் கபடி அணியின் உயிர். 1993இல் விழுப்புரத்தில் இறுதி ஆட்டம். பெண்கள் அணியோடு ஒரு டீச்சர் போயாக வேண்டும். மற்றவர்கள் நழுவிவிட நான் மாட்டிக்கொண்டேன். அங்கே போனால் நடுவர் வந்து சேரவில்லை. கோதண்டம் மாஸ்டரே விசில் ஊதட்டும் என்று எதிரணிப் பள்ளியே சொன்னது. அவர் நேர்மைக்கு அவ்வளவு பெயர். ஓரக்கோட்டைப் பார்க்க ஆள் வேண்டுமென்று என்னை நிறுத்தினார். “கால் கோட்டத் தாண்டுனா கையத் தூக்குங்க டீச்சர், அவ்ளோதான்.”

சமநிலை. கடைசி ரெய்டு. அஞ்சலை எதிரணிப் பெண்ணின் தோளைத் தொட்டாள், ஓரமாகப் பாய்ந்தாள், கால் கோட்டைத் தாண்டியது. நான் கையைத் தூக்கினேன். பெண்கள் மறைத்ததால் மாஸ்டருக்கு எதுவும் தெரியவில்லை. என் கையைப் பார்த்து விசில் ஊதினார். ஒரு புள்ளியில் தோற்றோம்.

திரும்பும் பஸ்ஸில் நான் பெருமையாகச் சொன்னேன்: “தோளைத் தொட்ட பிறகுதான் சார் கால் வெளியே போச்சு. நல்லா கவனிச்சேன்.” மாஸ்டர் அப்போதுதான் முழு ரூலையும் சொன்னார். எதிரியைத் தொடும் வரைக்கும்தான் கோட்டுக்கு வெளியே உள்ள ஓரப் பட்டையில் கால் படக்கூடாதாம். தொட்டுவிட்டால் அதுவும் ஆடுகளம்தானாம். எனக்கு உடம்பே கூசிப்போனது. பிள்ளைகளிடம் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அவர் உட்காரச் சொன்னார். “பாதி ரூல் சொல்லிக்குடுத்தது நானு. என்னத் திட்டிக்கினு போவட்டும், எனக்குப் பழக்கம்தான். உங்களத் திட்டுனா நாளைக்கு யாருகிட்டக் கணக்கு கத்துக்கும்ங்க?”

படத்திறப்பு அன்று மைதானம் நிறைந்துவிட்டது. பேசும்போதே தேம்பிவிட்ட ஒரு பேங்க் மேனேஜரை, வேட்டியை மடித்துக்கட்டவைத்து ரெண்டு ரவுண்டு ஓடவிட்டார்கள். மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். பிறகு அஞ்சலை மைக்கைப் பிடித்தாள். இப்போது புதுச்சேரியில் நர்ஸ். “எல்லாரும் புகழ்ந்துக்கினே இருக்கீங்க. எனக்கு அநியாயமா அவுட்டு குடுத்த மனுஷன் இவரு! தொட்டுட்டுத்தான் போனேன்!” கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அடுத்தது நான். மைக்கை வாங்கினேன். “அவுட்டு கொடுத்தது மாஸ்டர் இல்லை, நான்” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அஞ்சலை எழுந்து நேராக என்னிடம் வந்தாள். அறைந்துவிடுவாளோ என்றுகூட நினைத்தேன்.

“இருவது பொங்கலு டீச்சர்! வருஷா வருஷம் அவரு வீட்டு வாசல்ல நின்னு சண்ட போட்டிருக்கேன். ‘நீ அவுட்டுதான், போய்ச் சாப்புடு’ம்பாரு. ஒரு வார்த்த உங்களச் சொல்லலியே!” என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். “நல்லவேள நீங்க சொல்லல. சொல்லியிருந்தா என்ன சாக்கு வெச்சுக்கினு நான் அவரப் பாக்க வந்திருப்பேன்?”

அவர் தின்ற திட்டெல்லாம் எனக்கு வர வேண்டியது. அதை இத்தனை ருசித்துத் தின்றிருக்கிறார் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நான் அழுதேன். சட்டப்படி இந்த வயதிலும் ரெண்டு ரவுண்டு. ஓட முடியாமல் நடந்தேன், அஞ்சலை கூடவே வந்தாள்.

வரும் பொங்கலுக்கு என் வீட்டுக்கு வருகிறாளாம், சண்டை போட. மாஸ்டர் எனக்கு விட்டுப்போனது அதுதான். நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அவள் அவுட்டுதான்.