நீலக்கரைத் தட்டு

எங்கள் சமையலறை அலுமாரியில் நீலக்கரை போட்ட பீங்கான் தட்டு ஒன்று நான்கு வருடங்களாக இருக்கிறது. அது எங்களுடையதல்ல. மொன்றியலில், லாசால் பகுதியில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியின் கீழ்வீட்டு மதாம், ஒரு மே மாதம் அதில் பாண் வைத்துக் கொண்டுவந்தார். பிறர் வீட்டுத் தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்களிடம் வழக்கமில்லை. அதில் வைக்கத் தகுந்த பண்டம் எது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மதாம் நோத்ர-டாம்-த-கிரேஸுக்கு வீடு மாறிவிட்டார்.

மதாம் ஒல்லாந்துக்காரர். "எங்கட ஊரைப் பிடிச்சுக் கோட்டை கட்டின ஆக்களோ?" என்று என் கணவர் சிரிப்பார். இரண்டாம் உலகப் போரில் கனடாப் படைகள் தன் ஊரை விடுவித்து அறுபது வருடம் ஆகிறது என்று மதாம் படிக்கட்டில் வைத்து ஆங்கிலத்தில் சொன்னபோது, அப்படியொரு நாளில் அவர் தனியாகச் சாப்பிடக்கூடாது என்று எனக்குப் பட்டது. மதியம் வரச் சொன்னேன்.

அந்த நாட்களில் என் மனம் முழுவதும் மகளின் நிறையிலேயே இருந்தது. அவளுக்கு இரண்டரை வயது. நிறை கூடவில்லை, அடுத்த மாதம் திரும்பவும் காட்டுங்கள் என்று தாதி சொல்லியிருந்தார். அந்தச் சாதாரண வசனத்துக்குள் வேறேதோ ஒளிந்திருக்கிறதென்று நான் பயந்தேன். ஒவ்வொரு வாயையும் எண்ணி எண்ணி ஊட்டினேன். மூன்றாவது வாயிலேயே, "காணும் அம்மா" என்று உதட்டை இறுக்கிக்கொள்வாள்.

மதாமுக்குச் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் பரிமாறினேன். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். வெறும் தட்டைப் பார்த்தால் எங்கள் கை சும்மா இருக்குமா? மறுபடி வைத்தேன். அதையும் முடித்தார். மூன்றாம் தரமும் வைத்தேன். அவர் முகம் சிவந்து, நெற்றியில் வியர்வை வழிந்தது. உறைப்புப் போலும் என்று தயிரும் ஊற்றி, கூடவே சோறும் போடப் போனேன். மகள் என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, காணும். அவாக்குக் காணும்."

அவள் சொன்னதை மதாமுக்கு விளக்கினேன். போதும் என்று விருந்தாளி மறிக்கும்வரை எங்கள் வீட்டில் போட்டுக்கொண்டே இருப்போம் என்றேன். மதாம் கண்ணீர் வரச் சிரித்தார். "தட்டில் மிச்சம் விட எனக்குத் தெரியாதே! நீயோ நிரப்பிக்கொண்டே இருக்கிறாய்."

அந்தப் போரின் கடைசிப் பஞ்சக் குளிர்காலத்தில் அவருக்கு ஆறு வயதாம். பூச்செடியின் கிழங்கைக்கூட அவித்துத் தின்றார்களாம். பிறகு விமானங்கள் கூரையை உரசுமளவு தாழ்ந்து வந்து உணவு மூட்டைகளைப் போட்டனவாம். ஒளிந்துகொள்ளாமல், அவருடைய தாய் மேசைவிரிப்பை எடுத்து ஆட்டினாராம். யுத்த காலத்தில் எங்கள் ஊரிலும் விமானம் பருப்புப் போட்டது என்று சொன்னேன். எங்கள் பங்குக்கு ஒரு சுண்டு பருப்பு கிடைத்தது. இதைவிடக் கெட்ட நாள் வரும் என்று அம்மா அதைப் போத்தலில் மூடி வைத்தார். கடைசியில் வண்டுதான் தின்றது. சொல்லும்போதே, அந்தப் போத்தலை நான் மொன்றியலுக்கும் தூக்கி வந்துவிட்டேனோ என்று தோன்றியது.

மதாம் தான் நீலக்கரைத் தட்டில் கொண்டுவந்த பாணை வெட்டி, வெண்ணெய் பூசி, ஆளுக்கொரு துண்டு வைத்தார். "முதல் வெள்ளைப் பாண் வந்த அன்று எங்கள் வீட்டில் யாரும் யாரையும் சாப்பிடச் சொல்லவில்லை" என்று சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகளிடம் "சாப்பிடு" என்று சொல்ல வந்ததை நான் அடக்கிக்கொண்டேன். மகள் தானாகவே எடுத்துத் தின்றாள். ஓரத்தை மட்டும் வைத்துவிட்டாள். அதை எடுக்க என் கையும் மதாமின் கையும் ஒரே நேரத்தில் நீண்டன. மதாம் முந்திக்கொண்டார்.

அடுத்த மாதம் தராசில் அவள் நிறை சற்று ஏறியது. வாய் எண்ணுவதை நான் விட்டதனாலா, அவள் வளர்ந்ததனாலா, இன்றும் தெரியாது.

நாளை மதாமைப் பார்க்கப் போகிறோம். தட்டில் வடையும் பயற்றம் பணியாரமும் முறுக்குமாக அடுக்கிக்கொண்டிருந்தேன். இப்போது ஆறு வயதான மகள் எட்டிப் பார்த்தாள்.

"கொஞ்சமா வையுங்கோ அம்மா. வச்சா அவா முழுக்கச் சாப்பிட்டிடுவா."

பாதியை எடுத்தேன். அவள் திரும்பியதும் ஒரு வடையைத் திரும்ப வைத்தேன். பிறகு அதையும் எடுத்துவிட்டேன். தட்டின் நீலக்கரை தெரிந்தது.