தேன் தொட்ட விரல்

கொடைக்கானல் மலையில் உள்ள கவுஞ்சியில் பூண்டு போடும் குடும்பத்துக்கு மருமகளாகப் போன சத்தியபிரியாவை அந்த வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "சிலோன்காரி" என்பார்கள். தாத்தா காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொடைக்கானலுக்கு வந்த குடும்பம் அவளுடையது. பழனிக்குமார் அவளைக் காதலித்துக் கட்டிக்கொண்டதை ஊர் மறந்துவிட்டது. அவன் அக்கா பாண்டிச்செல்வி மறக்கவில்லை. பெற்றவர்கள் போனபின் தம்பியை வளர்த்தவள் அவள்தான். அவனுக்குப் பெண் பார்க்கும் உரிமையை எவளோ ஒருத்தி பிடுங்கிக்கொண்டாள் என்பது அவள் கணக்கு.

ஏழாம் மாதத்திலேயே சத்தியபிரியாவின் வயிற்றை அறுத்து இரட்டைப் பெண் குழந்தைகளை எடுத்தார்கள். மலையில் வைத்துப் பார்க்க முடியாது என்று கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நான் அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தேன், பையைக்கூடப் பிரிக்கவில்லை. சத்தியா என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள். அதே பையோடு கீழே இறங்கினேன்.

கண்ணாடிப் பெட்டிகளுக்குள் கிடந்த இரண்டில் ஒன்று கொஞ்சம் பெரியது. சின்னது உள்ளங்கையில் அடங்கிவிடும். சத்தியா பீய்ச்சிக் கொடுத்த பால், மூக்கில் செருகிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக அதற்குள் இறங்கியது. வாரக்கணக்கில் அப்படியே ஓடியது. சின்னது பிழைக்குமா என்று சத்தியா யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வாயெடுப்பவர்களையும் முறைத்தாள்.

உறவினர்கள் ஒவ்வொருவராகக் கைகழுவிவிட்டு உள்ளே போய்ப் பார்க்கலாம். ஒரு மத்தியானம் பாண்டிச்செல்வி போனாள். சற்று நேரத்தில் புவனா சிஸ்டரின் குரல் வெளியே வரைக்கும் கேட்டது.

"சின்னது வாயில என்னம்மா வச்சீங்க?"

"சேனைதான். அத்தைக்காரி தொட்டு வைக்கணும்ல?"

பிறந்த பிள்ளையின் நாக்கில் தேனைத் தொட்டு வைப்பதுதான் சேனை. வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த குப்பியைப் பிடுங்கிக்கொண்டு, சிஸ்டர் அவளை வெளியே தள்ளாத குறையாக அனுப்பினார்.

மறுநாள் காலையில் சின்னதின் வயிறு உப்பியிருந்தது. பாலை நிறுத்திவிட்டார்கள்.

"தேனாலதான்னு சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

சத்தியா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். "ரெண்டு கெடக்கு. சின்னதுக்கு மட்டும் என்னத்துக்கு வச்சீங்க?"

பாண்டிச்செல்வி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "அது நிக்காதுன்னு எல்லாருந்தான் பேசுறாக. வெறும் வாயோட போயிரக் கூடாதுன்னு வச்சேன்."

"உசுரோட கெடக்கிற பிள்ளைக்கு வாய்க்கரிசி போட்டீங்களா?"

"நாக்கு அழுகிப் போயிரும்டி, சிலோன்காரி!"

"போகட்டும். இனி எம் பிள்ளைக பக்கம் வராதீங்க."

பாண்டிச்செல்வி ஊருக்குப் போகவில்லை. வராந்தாவிலேயே பாயை விரித்துக்கொண்டாள். தெரிந்தவர் வீட்டு அடுப்பில் வெள்ளனே பூண்டுக் குழம்பு வைத்து என் கையில் கொடுத்தனுப்புவாள். "பால் ஊறும். குடுத்தது நான்னு சொல்லாத" என்பாள். மலைப்பூண்டின் காரம் மூடியைத் திறக்கும் முன்பே ஆளைச் சொல்லிவிடும்.

"கொட்டிரவா?" என்று சத்தியாவிடம் கேட்டேன்.

"என்னத்துக்கு? பூண்டு மேல எனக்குக் கோவமில்ல."

வயிறு வடிந்தது. மறுபடியும் பால் இறங்கியது. இனி பிள்ளைகளை வெற்று மார்போடு அணைத்து உடம்புச் சூட்டில் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். இரண்டையும் சேர்த்துப் போட சத்தியாவின் வயிறு தாங்கவில்லை. பழனிக்குமார் வந்தான், இருமினான், வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டான். சத்தியாவின் அம்மாவால், படுத்த படுக்கையாகக் கிடந்த கணவரை விட்டு வர முடியவில்லை. நான் வருகிறேன் என்றதற்கு, "வீட்டு ஆளுதான் வேணும்" என்றார் புவனா சிஸ்டர். "வராந்தாவுல ஒருத்தர் குத்தவச்சு உக்காந்திருக்காங்கல்ல?"

"என்னால ஏலாது சிஸ்டர்."

"உனக்கு ஏலாதது கெடக்கட்டும். பிள்ளைக்குச் சூடு வேணுமா, வேண்டாமா?"

சத்தியா வராந்தாவுக்குப் போனாள். "மதினி, எந்திரிங்க. வெரசா குளிச்சிட்டு வாங்க."

"நீ சொன்னா நான் ஓடி வரணுமாக்கும்" என்றபடி பாண்டிச்செல்வி பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

குளித்து வந்தவளை வாசலில் நிறுத்தினாள் சத்தியா. "கையக் காட்டுங்க." ஒவ்வொரு விரலாக மோந்து பார்த்தாள்.

"நாயாப் பொறக்க வேண்டியவ."

"நகத்தையும் வெட்டிட்டு வாங்க."

பெரியதைத்தான் கொடுத்தாள். பாண்டிச்செல்வி அதை மார்போடு வாங்கிக்கொண்டு கேட்டாள். "சின்னத எங்கிட்டத் தரமாட்டியோ?"

"தரமாட்டேன். செத்துரும்னு நெனச்ச நெஞ்சுல எம் பிள்ளை கெடக்காது."

தினமும் அப்படித்தான். பக்கத்துப் பக்கத்து நாற்காலி, ஆளுக்கொரு பிள்ளை, ஒரு பேச்சும் கிடையாது. உள்ளே போகும்போதெல்லாம் விரல் சோதனை. மற்ற தாய்மார்கள் வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள். இருவரும் சிரிக்கவில்லை.

சின்னது எடை கூடியது. ஒருவழியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறியதும் வேனில் எனக்கே குமட்டியது. வளைவுகள் வரவர சத்தியாவின் முகம் வெளிறியது. மார்பில் சின்னது தூங்கிக்கொண்டிருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "வண்டிய நிப்பாட்டுங்க!"

பாண்டிச்செல்வி பெரியதை என் மடியில் போட்டாள். ஆனால் சின்னதை நோக்கிக் கை நீட்டவில்லை. பத்து விரலையும் விரித்து சத்தியாவின் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"மோந்துக்க."

ஒரு கையால் வாயைப் பொத்தியபடியே, வலது கையில் தொடங்கி ஒன்றுவிடாமல் மோந்த பிறகுதான் சத்தியா பிள்ளையைக் கொடுத்தாள்.