சுவருக்கு அந்தப் பக்கம்

லிட்டில் இந்தியாவின் அஞ்சடிகளில், அதாவது கடைகளை ஒட்டி ஓடும் கூரையிட்ட நடைபாதைகளில், எவ்வளவு சூடு என்று அளப்பது என் வேலை. சிரிக்காதீர்கள், இதற்கும் சம்பளம் உண்டு. அந்தச் சம்பளம் தொடர ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளிவந்தாக வேண்டும்.

மூலைக்கடை ஒன்றின் வெளிச்சுவரில் நான் மாட்டிய வெப்பமானி மட்டும் வெயில் ஏறுமுன்பே சூடேறியது. பழைய செங்கல் முதல்நாள் வெயிலைச் சேமித்து விடியலில் கக்குகிறது என்று எழுதினேன். எனக்கு நானே கைதட்டிக்கொண்ட பத்தி அது.

இதழாசிரியர் வழக்கப்படி கட்டுரையைச் சக ஆய்வாளர்கள் இருவருக்கு அனுப்பினார். அவர்கள் யாரென்று நமக்குச் சொல்லமாட்டார்கள். ஒருவர், 'மிகச் சிறப்பு, வெளியிடலாம்' என்று முடித்துவிட்டார். மற்றவர் பக்கம் பக்கமாகக் குடைந்திருந்தார். நடுவே ஒரு கேள்வி: 'அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?'

ஆங் மோ கியோவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து அவரைத் திட்டித் தீர்த்தேன்.

"சரி, என்னதான் இருக்கு?" என்றாள் மனைவி.

"சுவருக்கு அந்தப் பக்கமும் சுவர்தான் லா."

"காலையில போய்ப் பாத்துடலாம். அப்படியே பசியாறிட்டு வந்துடலாம்."

மறுநாள் வெப்பமானியைக் காட்டிவிட்டு, மூலையைச் சுற்றி, நான் வாராவாரம் சாப்பிடும் புரோட்டாக் கடைக்குள் அவளை அழைத்துப்போனேன். உட்கார்ந்து, குழம்பில் ஒரு வாய் தோய்த்தபிறகுதான் உறைத்தது. சுவரை ஒட்டிப் புரோட்டாக் கல். அதன் நேர்ப் பின்னால் என் வெப்பமானி.

"ஏங்க, உங்க செங்கல் வெயிலைக் கக்கல. நமக்குப் புரோட்டா சுடுது."

"மெதுவாப் பேசு."

"இப்ப என்ன செய்யப் போறீங்க? காண்ட்ராக்ட் இருக்கே."

"ஒருத்தர்தான் பாராட்டிட்டாரே. இன்னொருத்தருக்கு 'கவனத்தில் கொண்டோம்'னு எழுதிட்டாப் போச்சு."

"பாராட்டினவர் முதல்ல படிச்சாரா?"

நான் இன்னொரு புரோட்டா கொண்டுவரச் சொன்னேன். வீட்டுக்கு வந்து அந்தப் பத்தியை வெட்டினேன். ஏன் வெட்டினேன் என்று, புரோட்டாக் கல் உட்பட, ஆசிரியருக்கு எழுதினேன். கட்டுரை கதாநாயகன் இல்லாத படம்போல மெலிந்து வெளிவந்தது. ஒப்பந்தம் எப்படியோ ஓராண்டு நீண்டது.

அந்தக் கேள்வி கேட்டவர் யாரென்று இன்றும் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. ஆனாலும் கருத்தரங்குகளில் யாராவது சும்மா சுவரைத் தொட்டுப் பார்த்தால், பக்கத்தில் போய், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டு வைக்கிறேன்.