செடில் மரத்தில் ஏறிய கேமரா

இலங்கை மலைநாட்டில் பூண்டுலோயாவுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில், மாரியம்மன் திருவிழா வந்துவிட்டால் சோலைமலையைக் கையில் பிடிக்க முடியாது. செடில் மரத்தின் கயிறு அவன் பொறுப்பு. நேர்த்திக்கடன்காரரை முதுகில் கொக்கி மாட்டி அந்த நீண்ட மரத்தின் நுனியில் தொங்கவிடுவார்கள். மறுநுனிக் கயிற்றை அவன் இழுத்தால் ஆள் ஆகாயத்துக்குப் போவார். குலுங்கினால் தோல் கிழியும். அவன் பிடித்து ஒருவர் தோலும் கிழிந்ததில்லை. மற்ற நாளெல்லாம் தேயிலைச் செடியைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டுகிற சாதாரண ஆள்தான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் கொழும்பிலிருந்து படம் பிடிக்க வந்தார்கள். டைரக்டர் அன்ஸார். கொழுந்து பறிக்கிறவர்களின் முகத்திலிருந்து கேமரா மெல்ல உயர்ந்து மலை முழுவதையும் காட்ட வேண்டுமாம். ஆசைக்கென்ன குறைச்சல்! கிரேன்தான் இல்லை. கோயிலோரம் செடில் மரத்தைக் கண்டதும் மனுஷனுக்கு உயிர் வந்தது.

"ஆத்தா மரத்துல மிஷினக் கட்டுறதா? நல்லாருக்கு அன்ஸார் நானா, ஒங்க ஞாயம்!" என்று சோலைமலை எகிறினான்.

லயத்து வீட்டுக்குத் திரும்பினால் பெண்டாட்டி காளியாயி சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். நெஞ்சு நோய். அடுத்த மழையைத் தாண்ட மாட்டாள் என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். அவளுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. செத்துப்போன தன் தாயின் முகம் சோலைமலைக்கு மறந்தே போயிருந்தது. இவள் முகமும் அப்படிப் போய்விடுமோ என்ற பயம் அவனைத் தின்றது.

விடிந்ததும் சன்னதியில் பூப்போட்டுப் பார்த்தான். சம்மதம் என்று வெள்ளைப் பூ வந்தது. சிவப்பு வந்திருந்தால் இன்னொரு தரம் போட்டிருப்பான், அவ்வளவுதான்.

"மரம் தர்றோம், கயிறும் நாந்தான் புடிப்பேன்," என்றான் அன்ஸாரிடம். "ஆனா என் சம்சாரம் மொகத்துலருந்துதான் தூக்கணும்."

அன்ஸார் காளியாயியைப் பார்த்தார். "சரி, அவங்கதான்," என்றார்.

நுனிப் பலகையில் கேமராவோடு அன்ஸாரே உட்கார்ந்தார். அவர் சொன்னபடி மறுநுனியில் மணல் மூட்டைகளைக் கட்டி எடையைச் சமன் செய்தார்கள். அச்சில் விளக்கெண்ணெய் வழிந்தது. கயிற்றில் கூடப் பிடிக்க வந்த கொழும்புப் பையன்கள் கிணற்றில் நீர் இறைப்பதுபோல் கைமாற்றிக் கைமாற்றி இழுத்ததில், ஒவ்வொரு கைக்கும் மரம் ஒரு வெட்டு வெட்டியது.

"அட பாவிகளா, கைய மாத்தாதீங்கப்பா, கால மாத்துங்க!"

கயிற்றை இறுகப் பிடித்தபடி சோலைமலை சரிவில் பின்னோக்கி இறங்கினான். முதலில் ஆமை நடை, நடுவில் கொஞ்சம் வேகம், நிற்குமுன் மறுபடி ஆமை நடை. மரம் அலுங்காமல் எழுந்தது.

ஆனால் மேலேயிருந்து அன்ஸார், "ஐயையோ!" என்று தலையில் அடித்துக்கொண்டார். செடில் எழும்போது யாரும் நிமிர்ந்து நிற்கிற வழக்கமில்லை. மலையிலிருந்த அத்தனை பெண்களும் கொழுந்தை விட்டுவிட்டுக் கைகூப்பிக் குனிந்திருந்தார்கள். காளியாயியின் முகம் முக்காட்டுக்குள் போயிருந்தது.

"இன்னும் ஒரே தரந்தான். அதுக்கு மேல பிலிம் இல்ல," என்றார் அன்ஸார்.

சோலைமலை மரத்தை இறக்கிக் கயிற்றைக் கட்டினான். ஓடிப்போய் அவள் முன் நின்றான். "குனியாத புள்ள. ஆத்தாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். நீ நிமிந்தே இரு."

"மரம் எந்திரிக்கிறப்ப நிமிந்தா குத்தமாயிருமே மாமா."

"ஆவட்டும். எனக்கு ஒன் மொகம் வேணும்."

அவள் இருமலை முந்தானையால் அடக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். சோலைமலை இறங்கினான். மரம் எழுந்தது.

மழைக்கு முன்பே காளியாயி போய்விட்டாள். மறுவருஷம் படம் அட்டன் தியேட்டருக்கு வந்தது. சோலைமலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய் முன் பெஞ்சில் உட்கார்ந்தான். கதை அவன் மண்டையில் ஏறவே இல்லை. திடீரென்று திரை நிறையக் காளியாயி வந்தாள். அதே மூக்குத்தி, அதே ஒட்டிய கன்னம். "என் தாயி!" என்று வாய்விட்டே சொன்னான்.

முழுசாகப் பார்ப்பதற்குள் மரம் எழ ஆரம்பித்தது. ஒரு வெட்டு இல்லை, ஒரு குலுக்கல் இல்லை. அண்ணாந்து பார்த்தபடியே அவள் சிறுத்துக்கொண்டு போனாள்.

"எறக்குங்கடா!" சோலைமலை எழுந்து நின்று கத்தினான். "மரத்த எறக்குங்கடா!"

பின்னாலிருந்தவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள். அதற்குள் அந்தத் தேயிலைக்குள் அவள் எங்கே நிற்கிறாள் என்றே தெரியவில்லை.